குறைந்த ஓமா, கூடுதல் வோல்ட்டா?

மின்சிகரெட்டில் ஆவியின் கனத்தையும் சூட்டையும் முடிவு செய்வது வாட். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பாகமான அட்டமைசரின் மின்தடையால் (அதன் அளவு ஓம்) வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 3.7 வோல்ட்டில் 1.5 ஓம் மாட்டினால் சுமார் 9 வாட். 5 வோல்ட்டில் 2.8 ஓம் மாட்டினாலும் ஏறக்குறைய அதே 9 வாட். பிறகு எதற்கு இரண்டு வழிகள்?

முதல் வழியான குறைந்த ஓம் எளிமையானது, கருவியும் சிறியது. ஆனால் 3.7 என்பது லித்தியம் பேட்டரியின் மேலுறையில் இருக்கும் எண் மட்டுமே. முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்று இல்லையென்றால், அதே 1.5 ஓம் காயிலில் (அட்டமைசருக்குள் சூடேறும் கம்பிச்சுருள்) கிட்டத்தட்ட 12 வாட் பாயும், 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது 7 வாட்தான் மிஞ்சும். காலையில் ஒரு சுவை, மாலையில் வேறொரு சுவை. அதோடு, முழு சார்ஜில் 2.8 ஆம்பியர் இழுப்பது மெல்லிய பேனா வடிவ பேட்டரிகளுக்குப் பெரும் சுமை.

கூடுதல் வோல்ட் வழியில் காயிலுக்குள் ஓடும் மின்னோட்டம் 1.8 ஆம்பியர்தான். இதனால் பேட்டரிக்கும் சுமை குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். இரண்டு பேட்டரிகளைத் தொடராக அடுக்கினால் அது உண்மை. ஒரே பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சுற்று ஒன்று உயர்த்தித் தரும் கருவியில் அப்படி இல்லை: 9 வாட்டைக் கொடுக்க, 3.7 வோல்ட்டில் எப்படியும் 2.4 ஆம்பியருக்கு மேல் அது இழுத்தாக வேண்டும். தொடர் அடுக்கிலோ வேறு ஆபத்து உண்டு. வயதும் சார்ஜும் ஒத்துப்போகாத ஜோடியில் பலவீனமான பேட்டரி அளவுக்கு மீறி வடிந்து, சூடேறும். ஜோடி மாறாத பேட்டரிகள் இல்லாதவர் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

பொருத்தம் தப்பினால் என்ன ஆகும்? 5 வோல்ட்டில் 1.5 ஓம் மாட்டினால் கிட்டத்தட்ட 17 வாட். சிறிய அட்டமைசரில் திரி திரவத்தை உறிஞ்சிக் கொடுப்பதற்குள் காயில் அதைத் தீர்த்துவிடும். திரி பழுத்துக் கருகும், தொண்டையில் காந்தல் ஏறும். அந்தக் கருகலில் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உருவாகின்றன. அந்தச் சுவை தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும். மறுபுறம், 3.7 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4.6 வாட்தான்; ஆவி சப்பென்று இருக்கும்.

என் தேர்வு, மின்தடையைத் தானே அளந்து வாட்டை நிலையாக வைக்கும் கருவி. அது கைவசம் இல்லாதவர்கள் காயிலின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். 1.5 என்று போட்டிருப்பது 1.3 ஆக இருந்தால், 3.7 வோல்ட்டிலேயே 9 வாட் பத்தரையாகிவிடும்.