மேடையில் முதல் இரண்டு நிமிடம்: குறளா, சிரிப்பா, கேள்வியா, கண்ட காட்சியா?

சென்ற மாதம் கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் நீலகிரி மலை ரயிலைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. பேச்சு முழுவதையும் எழுதி முடிக்க இரண்டு மாலைகள் போதுமாயிருந்தன. தொடக்கத்துக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது. குறள் ஒன்று, நகைச்சுவை ஒன்று, கேள்வி ஒன்று, நான் நேரில் கண்ட காட்சி ஒன்று என நான்கு தாள்களில் நான்கு தொடக்கங்களை எழுதி, மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்து, கடைசியில் நான்காம் தாளை எடுத்துக்கொண்டு போனேன். ஆகவே இந்த அலசலில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்க நான் முயலவில்லை.

குனிந்து தாளைப் பார்த்தபடியே தொடங்கக் கூடாது, 'எனக்குப் பேசிப் பழக்கமில்லை' என்று முதல் வாக்கியத்திலேயே மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பவற்றை எல்லோரும் அறிவர். விளியைப் பற்றி மட்டும் ஒரு சொல். 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் விவேகானந்தர் 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்று அழைத்த அந்த அழைப்புக்கே அவை எழுந்து கைதட்டியது. 'உயிரினும் மேலான உடன்பிறப்புகளே' என்று கருணாநிதியும், 'என் ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்புகளே' என்று எம்.ஜி.ஆரும் தொடங்கியபோது, கூட்டம் அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே காத்திருந்தது. அவர்களுக்கும் கேட்போருக்கும் இடையே முன்பே இருந்த உறவைத்தான் அந்த விளி ஒரு நொடியில் தொட்டது. நம் ஊர்க் கூட்டங்களில் நாம் செய்வதோ, மேடையில் இருக்கும் ஒன்பது பேரின் பெயரையும் பதவியையும் வரிசை தவறாமல் ஒப்பிப்பது. அதை விட்டுவிட்டால் வருத்தப்படுவோரும் உண்டு என்பதால், 'அவையில் உள்ள பெரியோர் அனைவருக்கும் வணக்கம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பெயர்களைப் பேச்சின் இறுதியில் நன்றியோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதல் தாளில் குறள். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று பேச்சுக்கலைக்கே மூன்று அதிகாரங்களை ஒதுக்கிய நூலிலிருந்து தொடங்குவது முறைதான். குறளைச் சொன்னதும் அவையில் ஓர் ஒழுங்கு பிறப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் 1330 குறள்கள் இருந்தும் மேடையில் புழங்குபவை என்னவோ பத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் நான்காவதாகப் பேச என்னை அழைத்தார்கள். கையில் வைத்திருந்த குறிப்பின் முதல் வரி 'கற்க கசடற'. எனக்கு முன் பேசிய மூவரில் இருவர் அதையே சொல்லியாகிவிட்டது. வேறொன்று உடனே நினைவுக்கு வராததால், 'மீண்டும் ஒருமுறை அந்தக் குறளையே நினைவூட்டுகிறேன்' என்று நான் தொடங்க, இரண்டாம் அடியைப் பிள்ளைகளே கோரஸாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். அரங்கம் சிரித்தது, நானும் சிரிப்பது போல் நின்றேன்.

இரண்டாம் தாள் நகைச்சுவை. சிரித்த அவை பேச்சாளரை அடுத்த பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளும். மலை ரயிலுக்கு என்று என்னிடம் ஒரு துணுக்கு இருந்தது: மேட்டுப்பாளையத்தில் ஏறிய ஒருவர், வண்டி போகும் வேகத்தைப் பார்த்து, 'இறங்கிப் பூப் பறித்துக்கொண்டு ஏறலாமா?' என்று கார்டிடம் கேட்க, 'பூவைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டே ஏறலாம்' என்றாராம் கார்டு. 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ 5 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வண்டிக்கு இது பொருந்தும் துணுக்குதான். முதல் முறை சொன்னபோது நன்றாக எடுபட்டது. இரண்டாம் முறை, வேறொரு விழாவில், நான் 'பூப் பறித்துக்கொண்டு' என்னும் இடத்துக்கு வந்ததுமே இரண்டாம் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், 'தலையில வெச்சுக்கிட்டே ஏறலாம்னான், அதுதானே சார்? போன தடவையே சொல்லிட்டீங்க' என்றார். அவரிடம் கேலி துளியும் இல்லை. நான் மறந்துவிட்டேனோ என்ற அக்கறையில்தான் சொன்னார்.

மூன்றாம் தாளில் கேள்வி. 'மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை முழுத் தூரமும் இந்த ரயிலில் வந்தவர்கள் எத்தனை பேர்?' என்பது நல்ல கேள்விதான். பேருந்திலேயே ஏறி இறங்கும் உள்ளூர்க்காரர்களில் பலர் அந்தப் பயணத்தைச் செய்ததே இல்லை என்பதால், விடையே பேச்சுக்கு வாசலாகும். ஆனால் மாலைக் குளிரில் சால்வைக்குள் கையை மடக்கி உட்கார்ந்திருப்பவர்களைக் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். நான்கு பேர் தூக்குவார்கள், மற்றவர்கள் அந்த நால்வரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் நிலைமை வேறு. அங்கே கேள்வி முடிவதற்குள் கைகள் எழுந்துவிடும், சிலர் விடையையும் கத்திவிடுவார்கள். அங்கே நான் தயங்காமல் கேள்வியைத்தான் எடுப்பேன்.

இனி நான்காம் தாள். சில மாதங்களுக்கு முன், காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டியில் வந்தேன். எஞ்சின் தண்ணீர் பிடிப்பதற்காக ஹில்குரோவ் நிலையத்தில் நின்றது. எல்லோரும் இறங்கிக் குரங்குகளையும் எஞ்சினையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் இருந்தது வண்டியின் பின்பக்கம்; மேட்டில் அது பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்பக்கம் யாரும் போகவில்லை. அங்கே முதல் பெட்டியின் முகப்பில், சுருட்டிய கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காகிதக் கோப்பையில் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார் பிரேக்ஸ்மேன். எஞ்சின் ஓட்டுநருக்கு எதிரே இருப்பது பெட்டிகளின் முதுகுதான். பாதையில் பாறை விழுந்திருந்தால் முதலில் பார்ப்பவர் இந்த டீ குடிக்கும் மனிதர்; இவர் காட்டும் கொடியைப் பின்பெட்டிகளில் நிற்பவர்கள் வழிவழியாக எஞ்சினுக்குக் கடத்த வேண்டும்.

கூட்டத்தில் இப்படித் தொடங்கினேன்: 'நம் மலை ரயிலை ஓட்டுபவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது.' அதுவரை நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு ஹில்குரோவையும் அந்த மனிதரையும் ஒரு நிமிடத்தில் சொன்னேன். தள்ளும் எஞ்சின் என்றால் எதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது என்ற கேள்வி அவையில் தானாக எழுந்துவிட்டதால், தண்டவாளங்களுக்கு நடுவே கல்லாறு முதல் குன்னூர் வரை பதித்துள்ள பல்சட்டத்துக்கும், அதில் பற்றி ஏறும் பற்சக்கரத்துக்கும் போவது எளிதாயிற்று. 1899இல் குன்னூர் வரை, 1908இல் உதகை வரை, 2005இல் யுனெஸ்கோ பட்டியல், 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள் என்ற விவரங்களையெல்லாம் அதன் பின்னரே சொன்னேன். இதே எண்களைத் தொடக்கமாக வைத்து வேறொருவர் பேசியதை முன்பு கேட்டிருக்கிறேன். 208 என்பதற்குள் பாதிப் பேர் செல்பேசியை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் ஒரு நாளின் வெற்றிதான். காட்சியின் பக்கம் நான் சாய்வதற்கு உண்மையான காரணம் வேறு, அது மலைவாசிகளுக்கே உரியது. சென்னையிலோ கோவையிலோ பேசுபவருக்கு ஒவ்வொரு மேடையிலும் புதிய முகங்கள். இங்கே வாசகர் வட்டத்துக்கு வருபவர்தான் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்துக்கும் வருகிறார். பள்ளி விழாவில் முன்வரிசையில் இருந்தவர்தான் பணி நிறைவு விழாவிலும் முன்வரிசையில் இருக்கிறார். இந்த அறுபது, எழுபது பேருக்கு முன்னால் ஆண்டுக்கு ஏழெட்டு முறை நிற்க வேண்டியவனுக்கு, ஒரு தொடக்கம் எவ்வளவு நன்றாக எடுபட்டது என்பதைவிட, அது எத்தனை முறை தாங்கும் என்பதே முக்கியம். நகைச்சுவை ஒரு முறையோடு செத்துவிடும். கேள்வி மூன்றாம் முறை, 'இவர் கேள்வி கேட்காமல் தொடங்க மாட்டார்' என்று பெயர் வாங்கித் தரும். குறள் தேயாது, ஆனால் அடுத்தவரும் அதையே எடுத்து வருவார். கண்ட காட்சி மட்டும் பிறர் கையில் இருக்க வாய்ப்பில்லை, தேடப் போனால் வாரத்துக்கு ஒன்று கிடைக்கும். பராமரிப்பு என்றால் கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் ஒரு குறிப்பேடும்தான். நான் பேசிய நாள், இடம், தொடங்கிய விதம் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கிறேன். ஒரு காட்சி ஒரே அவைக்கு ஒருமுறைதான் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. 2018இல் கொடைக்கானல் போய்க் குறிஞ்சி பூத்திருந்ததைக் கண்டு வந்து அதை வைத்து ஒரு பேச்சைத் தொடங்கினேன். அதற்குரிய அடுத்த வாய்ப்பு 2030இல்தான்.

காட்சியைச் சொல்லாமல் கையில் எடுத்துப் போவதும் உண்டு. 2009இல் பில் கேட்ஸ் மலேரியாவைப் பற்றிப் பேசும்போது மேடையிலேயே ஒரு புட்டியைத் திறந்து கொசுக்களைப் பறக்கவிட்டார். எனக்கு அவ்வளவு துணிவு இல்லை. நவம்பர் மாதத்தில் நடந்த தேயிலை விவசாயிகள் கூட்டம் ஒன்றில், வடகிழக்குப் பருவமழை தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. மைக்கில் பேசினாலும் பின்வரிசைக்குப் பாதிதான் போகும். ஒரு கையில் இரண்டு இலையும் மொட்டுமான கொழுந்து, மறு கையில் முற்றிய இலை என இரண்டு பிடியைத் தூக்கிக் காட்டிவிட்டு, முன்வரிசையில் கொடுத்துவிட்டேன். பிடிகள் கைமாறிக் கைமாறிப் பின்னால் போயின. ஓர் அம்மாள் முற்றிய இலையின் காம்பை நகத்தால் அழுத்திப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொன்னார். மழை சற்று ஓயும் வரை நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

குறையும் உண்டு. காட்சி நீளும். உறைபனி விழுந்த ஒரு விடியலை வர்ணிக்கத் தொடங்கி, புல் வெளுத்திருந்தது, வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டினேன் என்று நான்கு நிமிடம் போய், அன்றைய தலைப்பான நூலகக் கட்டடத்துக்குத் திரும்ப வழி தெரியாமல் தவித்திருக்கிறேன். அதன் பிறகு, காட்சியின் கடைசி வாக்கியத்தையும் பொருளின் முதல் வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கிறேன். நடுவே 'இதைப் போலவே' என்ற சொல் தேவைப்பட்டால் அந்தக் காட்சியை விட்டுவிடுகிறேன்.

இருநூறு பேருக்கு மேல் கூடிய அவையில் நான் பேசியதில்லை. ஆயிரக்கணக்கானோர் நிற்கும் திடலில் ஒரு டீக் கோப்பையின் கதை எடுபடுமா, விளிதான் எடுபடுமா என்பதை அங்கே பேசியவர்கள்தாம் சொல்ல வேண்டும். இரங்கல் கூட்டத்தில் காட்சியை விடக் குறளே பாதுகாப்பு என்று தோன்றுகிறது. பேச்சுப் போட்டிக்குப் போகும் மாணவருக்கும் மேற்கோளை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். நடுவர் சிலர் அதற்கென்றே மதிப்பெண் வைத்திருப்பார்கள்.

அடுத்த மாதம் மண்சரிவைப் பற்றிப் பேச வேண்டும். குறிப்பேட்டில் தேதியும் இடமும் எழுதியாகிவிட்டது, மூன்றாம் கட்டம் காலியாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள ஓடையில் மழைக்குப் பின் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது என்று நாளைக் காலை ஒரு கண்ணாடிப் புட்டியோடு போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.