நாட்டுப்புறப் பாடகர் யார் என்பதைக் காதுக்கே உணர்த்தும் 84 பதிவுகள்

கிதாரும் கையுமாக நின்று ஒருவர் பழைய பாடலொன்றைப் பாடிவிட்டால் போதும், அவரை நாட்டுப்புறப் பாடகர் என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன், ஹாரி ஸ்மித் தொகுத்த ‘அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பு’ கைக்கு வரும்வரை. 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் ஆறு இசைத்தட்டுகளாக வெளியிட்ட இத்தொகுப்பு, 1997இல் ஆறு குறுந்தகடுகளாக மறுபதிப்புக் கண்டது. நான் கேட்டது இந்த மறுபதிப்பைத்தான்.

இதிலுள்ள 84 பதிவுகளும் ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று சேகரித்தவை அல்ல. வணிக நிறுவனங்கள் விற்பனைக்காக வெளியிட்ட பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எனவே, காசுக்குப் பாடாதவரே நாட்டுப்புறப் பாடகர் என்ற வாதம் முதல் தட்டிலேயே அடிபட்டுப் போகிறது. கறுப்பினப் பாடகர்களையும் வெள்ளையினப் பாடகர்களையும் அந்நிறுவனங்கள் தனித்தனிப் பட்டியல்களில் விற்றுவந்தன. ஸ்மித்தோ இனத்தைக் குறிப்பிடாமலே அனைவரையும் அடுத்தடுத்து அமர்த்தியிருக்கிறார். தொகுப்பாளராக அவர் செய்தவற்றுள் ஆகச் சிறந்தது இதுவே என்பேன்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் பாடிய ‘ஃபிராங்கி’யைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கட்டைவிரல் தாழ்சுரக் கம்பிகளை மாறி மாறி மீட்டிக்கொண்டேயிருக்க, மற்ற விரல்கள் மெட்டை எடுத்துச் செல்கின்றன. ஃபிராங்கி என்ற பெண் தன் காதலனைக் கொல்வதைச் சொல்லும் இடத்திலும் குரல் உயர்வதில்லை. பலர் பலவிதமாகப் பாடிய கதை அது. ஹர்ட் அதைத் தமக்குரிய விதத்தில் சொல்கிறார், ஆனால் தமது சொத்தாக்கிக்கொள்ளவில்லை. 1928இல் இதைப் பதிவுசெய்த அவர், 1963இல் இசை ஆர்வலர்கள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை மிசிசிப்பியில் பண்ணை வேலை செய்தே வாழ்ந்தார். பன்னாட்டு நாட்டுப்புற இசை மன்றம் 1954இல் நாட்டுப்புற இசைக்கு வகுத்த தொடர்ச்சி (பழைய மரபோடு உள்ள இணைப்பு), மாறுபாடு (பாடுபவர் செய்யும் மாற்றம்), சமூகத்தின் தேர்வு (எது நிலைக்கும் என்பதைச் சமூகமே முடிவுசெய்வது) என்ற மூன்று அடையாளங்களும் இந்த ஒரே பதிவில் துலங்குகின்றன. பாடகரின் தோற்றமோ கருவியோ அல்ல, பாட்டோடு அவருக்குள்ள இந்த உறவுதான் அவரை நாட்டுப்புறப் பாடகராக்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

குறை இல்லாமலில்லை. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும் என்பதால், நீண்ட கதைப்பாடல்கள் சுருங்கியே ஒலிக்கின்றன. சில பதிவுகளில் கரகரப்பும் மிகுதி. கதைப்பாடல்களின் சாரத்தைச் செய்தித்தாள் தலைப்புகளைப் போல் எழுதியிருக்கும் ஸ்மித்தின் கையேடு மிகச் சுவையானது. எனினும் முதலில் பாடல்களைக் கேட்டுவிட்டு, பிறகு அதைத் திறப்பதே நல்லது.