படம் வரைந்த விடைகளைத் திருத்த கிரேட்ஸ்கோப் எப்படி?

"குன்றல் பகுப்பை (மியாசிஸ்) விளக்குக" என்று கேட்டால் பாடநூல் வரிகள் அப்படியே தாளில் வந்து இறங்கும். "2n = 4 உள்ள (அதாவது நான்கு குரோமோசோம் கொண்ட) செல்லை மெட்டாஃபேஸ் I நிலையில் (ஜோடி சேர்ந்த குரோமோசோம்கள் செல்லின் நடுவில் நிற்கும் நிலை) வரைக" என்று கேட்டால், யாருக்கு என்ன புரியவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பெரிய வகுப்புகளில் இப்படிக் கேட்கத் தயங்குவது திருத்தும் சுமைக்குப் பயந்துதான். அந்தச் சுமையை நன்றாகவே குறைக்கிறது கிரேட்ஸ்கோப். பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2018இல் டர்னிட்டின் நிறுவனத்தின் வசம் போன மென்பொருள் இது; ஸ்கேன் செய்த விடைத்தாள்களைத் திரையிலேயே திருத்த உதவுகிறது. படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை மட்டும் ஆசிரியருடையதுதான்.

இதன் பெரிய பலம் ரூப்ரிக், அதாவது எதற்கு எத்தனை மதிப்பெண் என்று வரிவரியாக எழுதிய பட்டியல். பாதி தாள்களைத் திருத்திய பிறகு ஒரு வரியின் மதிப்பெண்ணை மாற்றினாலும், அந்த வரி குறிக்கப்பட்ட எல்லாத் தாள்களிலும் தானாகவே திருந்திவிடும். மாணவர்கள் எப்படியெல்லாம் தவறாக வரைவார்கள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், படவிடைக்கு இந்த வசதி மிக அவசியம். புதிய வரி சேர்த்தால் மட்டும் முன்பு திருத்திய தாள்களை மறுபடி புரட்டித்தான் ஆகவேண்டும். ஆகவே முதல் 20 படங்களை மதிப்பெண் போடாமல் பார்த்து, தவறுகளின் வகைகளைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

"சரி, ஓரளவு சரி, தவறு" என்று வரிகள் எழுதுவது வீண். "நான்கு குரோமோசோமும் மைட்டாசிஸ் போல ஒற்றை வரிசையில் நிற்கின்றன", "நீளம் வேறான இரண்டு குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்துள்ளன", "ஒரே குரோமோசோமை இரு துருவக் கதிர் இழைகளும் இழுக்கின்றன" என்று கண்ணில் படுவதை எழுதுங்கள். எந்த வரி எத்தனை சதவீதத் தாள்களில் விழுந்தது என்று புள்ளிவிவரப் பக்கம் காட்டும்; அடுத்த வகுப்பை எங்கே தொடங்குவது என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. மதிப்பெண் குறைக்க விரும்பாத, ஆனால் எண்ணிப் பார்க்க விரும்பும் தவறுக்கு 0 மதிப்பெண் வரி வைக்கலாம். முதலில் அமைந்திருப்பது முழு மதிப்பெண்ணிலிருந்து குறைத்துக்கொண்டு போகும் கழித்தல் முறை. படத்துக்கு, பூஜ்ஜியத்திலிருந்து சேர்த்துக்கொண்டு போகும் கூட்டல் முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அழகாக வரையும் திறனுக்கு வரியே வேண்டாம்.

ஒரே மாதிரி விடைகளைத் தானாகக் குழு பிரிக்கும் வசதி சிறு விடைகளுக்கு அருமை. கையால் வரைந்த செல் படங்களுக்கு அதை நம்ப வேண்டாம். கையாலேயே குழு பிரிக்கலாம், ஆனால் ஒரு படத்தில் இரண்டு மூன்று தவறுகள் சேர்ந்து வரும்போது ரூப்ரிக் வரிகளே வேகமானவை. எண் விசையை அழுத்தினால் வரி குறிக்கப்படும், இசட் (Z) விசையை அழுத்தினால் திருத்தாத அடுத்த தாள் வரும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது ஸ்கேனில்தான். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தாய்வழிக் குரோமோசோம், தந்தைவழிக் குரோமோசோம் என்று நிறத்தால் காட்டிய வேறுபாடு மறைந்துபோகும். மங்கலான பென்சில் கோடும் அப்படியே. நிறத்துக்குப் பதில் உள்ளே கோடிட்டு நிரப்பச் சொல்லுங்கள், அடர்ந்த பேனா கேளுங்கள். அரைப் பக்கப் பெட்டியும், கீழே "இந்த நிலையில் என்ன நடக்கிறது?" என்று ஒரு வரிக்கு இடமும் விடுங்கள். படம் தெளிவில்லாதபோது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் இருவர் திருத்தும் ஏற்பாடு இதில் இல்லை. ஆய்வுக்காக இருவரின் உடன்பாட்டை அளக்க வேண்டுமானால், அதே ஸ்கேன் கோப்பை இன்னொரு பாடப்பிரிவில் ஏற்றி, இரண்டாமவரைத் தனியாகத் திருத்தச் சொல்ல வேண்டும்.