பழைய ஒப்பந்தங்களைப் படிக்கத் தெரிந்த முகவர்

வானதி திருநாவுக்கரசு, சின்ன அண்ணாமலை என்று தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சென்று சென்னையில் பதிப்பகம் நடத்தியவர்கள் உண்டு. ஆதலால், பதிப்பாளரிடம் பேச இடையில் இலக்கிய முகவர் என்று ஒருவர் எதற்கு என்று செட்டிநாட்டில் இன்றும் கேட்பார்கள். தமிழ்ப் பதிப்புக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. பிறமொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடும் உரிமைகளை விற்பது வேறு வேலை. அத்தகைய உரிமைகள் கைமாறும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023இல் தொடங்கிய பின் அதற்கான தேவை கூடியிருக்கிறது. முந்தைய முகவரிடமிருந்து விலகிய பிறகு, காரைக்குடியில் இருந்தபடியே நான் அமர்த்திக்கொண்ட சென்னை முகமை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது.

புதிய நாவலின் கையெழுத்துப் படியைக் கேட்பதற்கு முன் அவர்கள் கேட்டது, ஏற்கெனவே வெளிவந்த நூல்களின் ஒப்பந்தங்களை. ஒன்றில் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கால அளவும் இல்லை, எந்த நாடுகளுக்கு என்ற நிலப்பரப்பும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, கால அளவு குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கும், நிலப்பரப்பு குறிப்பிடாதது இந்தியாவுக்குள்ளும் மட்டுமே செல்லும் என்பதைக் காட்டி, அந்த நூலின் உரிமை என்னிடம் திரும்பிவிட்டதைப் பதிப்பாளரிடமிருந்து எழுத்தில் பெற்றுத் தந்தார்கள். முந்தைய முகவர் முடித்துக்கொடுத்த மொழிபெயர்ப்புக்கான தரகு, அந்த ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரை அவருக்கே போய்ச்சேரும் என்பதையும், அவர் ஏற்கெனவே ஒரு நாவலைக் காட்டிய பதிப்பகங்களுக்கு அதையே மீண்டும் அனுப்புவதில் பயனில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வரவு செலவுக்கு ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர்க்காரருக்கு இந்தக் கறார் பிடிக்கும்.

முன்பணம் கேட்கவில்லை. உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடும் அயல்நாட்டு விற்பனைக்கு 20 விழுக்காடும் தரகு. உலக வழக்கமும் ஏறத்தாழ அதுதான்.

குறைகளும் உண்டு. இனி எழுதப்போகும் நூல்கள் அனைத்தையும் தங்களுக்கே கட்டிப்போடும் பிரிவு ஒன்று முதல் வரைவில் இருந்தது. கேட்ட பிறகே அதை நீக்கி, நூல்தோறும் தனி ஒப்பந்தம் என மாற்றினார்கள். கேட்கத் தெரியாதவர் கையெழுத்திட்டிருப்பார். எந்தப் பதிப்பகத்துக்கு எப்போது அனுப்பினார்கள் என்ற விவரமும் நாமாகக் கேட்டால்தான் வருகிறது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும்.

பல நூல்கள் வெளிவந்து, அவற்றின் உரிமைகள் ஆளுக்கொரு இடத்தில் சிதறிக் கிடக்கும் எழுத்தாளர்களுக்கு இந்த முகமையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு உடையவர், பதிப்பாளரிடம் நேரில் பேசிக்கொள்வதே நல்லது.