முதுகைப் பின்னுக்குத் தள்ளிய அகராதி: காலின்ஸ் கோபில்ட்

ஆங்கிலத்தில் 'பேக்' என்று ஒரு சொல் (தோளில் மாட்டுகிற பை இல்லை, முதுகைச் சொல்கிற பேக்). வழக்கமான அகராதிகளில் பெரும்பாலும் முதலில் முதுகுதான் வரும், ஏனென்றால் அதுதான் நேர்ப்பொருள், பழைய பொருளும்கூட. காலின்ஸ் கோபில்ட் அகராதி அப்படிச் செய்யாமல், திரும்பிப் போவது, திருப்பிக் கொடுப்பது, பின்னால் நகர்வது என்று வினையோடு ஒட்டி வருபவற்றை எல்லாம் முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் முதுகுக்கே வருகிறது. புதிதாகப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் இந்த அகராதியை வாங்குவதற்கே அதுதான் காரணம் என்பேன்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான அகராதி இது, முதல் பதிப்பு 1987-இல் வந்தது. ஆங்கிலம் பேசுபவர்கள் நிஜமாகவே எழுதியதையும் பேசியதையும் கணினியில் குவித்து, எந்தப் பொருள் அதிகம் புழங்குகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். அப்படிப் பார்த்தபோது முதுகு பின்னால் போய்விட்டது.

இன்னொரு விசேஷம், விளக்கங்கள் துண்டு துண்டாக இல்லாமல் முழு வாக்கியமாக இருப்பது. 'ஒருவர் முதுகுக்குப் பின்னால்' என்ற தொடருக்கு வெறுமனே 'ரகசியமாக' என்று போட்டுவிட்டு நகர்வதில்லை. அவருக்குத் தெரியாமல், நேர்மையில்லாமல் செய்த காரியம், அதை நீங்கள் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சொல்பவரின் மனநிலையும் பொருளில் ஒரு பகுதி என்பதைப் பல அகராதிகள் கண்டுகொள்வதே இல்லை.

நமக்கு இது ரொம்பவே தேவை. முதுகுக்குப் பின்னால் பேசுவது, முதுகில் குத்துவது எல்லாம் தமிழிலும் அப்படியே இருப்பதால் மற்றதும் அப்படித்தான் என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒருவருக்கு முதுகைத் திருப்பினால் அது புறமுதுகு காட்டி ஓடுவது ஆகாது, அவரைக் கைவிட்டுவிடுவது, உதவி கேட்டும் கண்டுகொள்ளாமல் இருப்பது. நம் ஊகத்தை நம்பிப் படித்தால் கைவிட்டவனைக் கோழை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம்.

சரி, குறைகள். சொற்பிறப்பு பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. முதுகைக் குறிக்கிற சொல்லே ஒருவரை ஆதரிப்பதற்கும் எப்படி வந்தது என்று ஆசையாகத் தேடினால் ஏமாற்றம்தான். அதற்கு மெரியம் வெப்ஸ்டர் மாதிரி பொருள்களைக் கால வரிசையில் அடுக்குகிற அகராதி வேண்டும். எளிய பொருட்பெயருக்கெல்லாம் முழு வாக்கியம் எழுதியிருப்பதும் சில இடங்களில் அலுப்புத் தட்டுகிறது.

உருவகங்களில் மட்டும் ஆர்வம் என்றால் இதே வரிசையில் ஆலிஸ் டெய்க்னன் எழுதிய கையேடு 1995-இல் வந்திருக்கிறது. உடல், நோய், விலங்கு, கட்டடம், சமையல், வானிலை என்று நேர்ப்பொருளை வைத்துத் தலைப்புப் பிரித்திருப்பார்கள், அகராதியில் விட்டுப்போன இணைப்பு அதில் ஓரளவு கிடைக்கிறது. பழைய புத்தகம்தான், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும், ஆனால் தெரிந்த சின்னச் சொற்களிலேயே தடுக்குகிறது என்பவர்களுக்குக் கோபில்ட்டைத் தாராளமாகச் சொல்வேன். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு வேண்டாம், விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள்.