கன்று போட்ட மாட்டுக்குப் புரோப்பிலீன் கிளைகால்: பல ஈற்றுகள் கொடுத்துப் பார்த்த அனுபவம்

திருவொற்றியூரில் எங்கள் கொட்டகையில் நிற்பவை எல்லாம் ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு மாடுகள். கன்று போட்டதும் கீட்டோசிஸ் (உடம்புக் கொழுப்பு அதிகமாகக் கரைந்து இரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள் ஏறும் நோய்) வருகிற மாட்டுக்குப் புரோப்பிலீன் கிளைகால் கொடுப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. நல்ல மருந்து. ஆனால் தீவனத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் நம்பினால் காசுதான் கரையும்.

மாட்டுக்கு உடம்பில் சர்க்கரை குறைந்தால் வெல்லம் கொடு என்பார்கள். அந்த வெல்லம் இரத்தத்துக்கு அநேகமாகப் போவதே இல்லை; பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதை அமிலங்களாக்கிவிடும். அவற்றில் புரோப்பியானிக் அமிலத்தை வைத்துத்தான் கல்லீரல் பெருமளவு குளுக்கோஸைத் தயாரிக்கிறது. ஒரு லிட்டர் பாலுக்கே சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 15 லிட்டர் கறந்தால் ஒரு கிலோவுக்கு மேல்! கன்று போட்ட புதிதில் அந்த அளவுக்குத் தின்ன முடியாது. உடம்புக் கொழுப்பு கரைந்து கீட்டோன் ஏறுகிறது.

கீட்டோசிஸ் வந்தால் எங்கள் கறுப்பு மாடு புண்ணாக்கையும் தவிட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கோலை மட்டும் கடிக்கும். சாணம் இறுகிவிடும், மூச்சில் இனிப்பாக ஒரு அசிட்டோன் வாடை. சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் ஊதாவாக மாறும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் உடனே தெம்பு வரும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். கிளைகால் அப்படியல்ல. ஒரு பங்கு பெருவயிற்றில் புரோப்பியானிக் அமிலமாகிறது, மற்றது நேரே கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸாகிறது. எங்கள் டாக்டர் சொல்வது நாளுக்கு ஒரு வேளை 300 கிராம் அளவில், மூன்று முதல் ஐந்து நாள். கூட்டினால் மாடு மயங்கித் தள்ளாடும்.

குறை என்றால் ருசிதான். மாடு தலையை உதறும். அதற்காகத் தலையை அண்ணாந்து பிடித்து மடமடவென்று ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், நிதானமாகத்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பக்கம் கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு சுலபமாகக் கிடைக்கிறது. அதைக் கூடை கூடையாகக் கொட்டுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. வயிறு புளித்து மாடு தீனியை விட்டுவிடும், இருக்கிற குளுக்கோஸும் போகும். நாங்கள் நிறைசினையில் மாட்டைக் கொழுக்க விடுவதில்லை. கன்று போடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே மக்காச்சோளம் கலந்த அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம், கோ-4 தீவனப் புல்லும் வைக்கோலும் குறையாமல். அப்புறம் கிளைகால் பாட்டிலைத் தொடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

வாங்கும்போது பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். எத்திலீன் கிளைகால் வேறு, அது வண்டி ரேடியேட்டரில் ஊற்றுவது, மாட்டுக்கு விஷம்.