தங்கமா, வெள்ளியா? விலை ஆட்டமும் வாங்கும் நேரமும்

1980 ஜனவரியில் தங்கமும் வெள்ளியும் சில நாள் இடைவெளியில் தத்தம் உச்சத்தைத் தொட்டன. ஜனவரி 21 அன்று லண்டனில் தங்கத்தின் விலை ஓர் அவுன்ஸுக்கு (சுமார் 31 கிராம்) 850 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பு வெள்ளி 50 டாலரை நெருங்கியிருந்தது. அந்த நாளில் தங்கம் வாங்கியவர், வாங்கிய விலையை மீண்டும் காண 2008 ஜனவரி வரை, அதாவது 28 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் உச்ச விலைக்கு வெள்ளி வாங்கியவருக்கு 2011 ஏப்ரலில் ஒரு வாய்ப்பு நெருங்கி வந்து நழுவிப்போனது. வெள்ளி அந்தப் பழைய உச்சத்தைத் தெளிவாகத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். இடையில் 45 ஆண்டுகள் ஓடிவிட்டன. பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால், அப்போதும் அவர் போட்ட பணத்தின் வாங்கும் சக்தி முழுதாகத் திரும்பிவிடவில்லை.

இரண்டு உலோகங்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர்கள், அவற்றை ஒரே விதமான முதலீடாகவும் எண்ணிவிடுகிறார்கள். வாங்கும் நேரம் தவறினால் நேரும் இழப்பு தங்கத்தில் ஓர் அளவு, வெள்ளியில் வேறோர் அளவு. எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு முன்பே இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

வேறுபாட்டின் வேர், இவற்றை யார் வாங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. தங்கம் பெரும்பாலும் நகையாகவும் சேமிப்பாகவும் மத்திய வங்கிகளின் கையிருப்பாகவும் இருக்கிறது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. வெட்டியெடுக்கப்பட்ட தங்கத்தில் பெரும்பகுதி அழியாமல் எங்கோ ஒரு பெட்டகத்தில் இருப்பதால், ஓராண்டுச் சுரங்க உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் விலையில் பெரிய அதிர்வு ஏற்படுவதில்லை. வட்டி விகிதம், டாலரின் மதிப்பு, நாடுகளுக்கிடையேயான பதற்றம் ஆகியவையே அதை அதிகம் அசைக்கின்றன. வட்டி எதுவும் தராத பொருள் என்பதால், பணவீக்கம் போக வங்கியில் கிடைக்கும் வட்டி உயரும்போது தங்கம் பொதுவாகத் தளர்கிறது. அந்த வட்டி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும்போது வலுக்கிறது.

வெள்ளிக்கு இரண்டு முகங்கள் உண்டு. அது சேமிப்பு உலோகமும்தான். ஆனால் அதன் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. சூரிய மின்பலகைகள், மின்னணுச் சாதனங்கள், வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றிலும் வெள்ளி இருக்கிறது. எனவே உலகப் பொருளாதாரம் தளரும்போது, பயத்தில் சிலர் வெள்ளியை வாங்கினாலும் தொழிற்சாலைகளின் கொள்முதல் சரிந்துவிடுகிறது. வழங்கலிலும் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றைத் தோண்டும் சுரங்கங்களில் உபபொருளாகவே கிடைப்பதால், வெள்ளி விலை இரட்டிப்பானாலும் அதற்காக மட்டும் உற்பத்தியை உடனே பெருக்க முடிவதில்லை. சந்தையின் மொத்த மதிப்பும் தங்கச் சந்தையைவிட மிகச் சிறியது. தங்கத்தில் சலசலப்பை மட்டும் உண்டாக்கும் அளவு பணம், வெள்ளிக்குள் பாய்ந்தால் வெள்ளமாகிவிடுகிறது.

மூன்று சரிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2008 மார்ச்சில் 1,000 டாலரைத் தாண்டிய தங்கம், அதே ஆண்டின் இறுதி மாதங்களில் 700 டாலர் அளவுக்கு வந்தது. இது சுமார் 30 விழுக்காடு வீழ்ச்சி. அதே காலத்தில் வெள்ளி 21 டாலர் அளவிலிருந்து 9 டாலருக்கும் கீழே போனது. பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. 2011 செப்டம்பரில் 1,900 டாலரை எட்டிய தங்கம் 2015 டிசம்பரில் 1,050 டாலர் அளவைத் தொட்டு, 2020 கோடையில் பழைய உச்சத்தை மீட்டது. 2011 ஏப்ரலில் 49 டாலர் வரை போன வெள்ளியோ 14 டாலருக்குக் கீழே இறங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று அச்சம் பரவியபோது, தங்கம் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் இறங்கிய சில நாட்களில் வெள்ளி மூன்றில் ஒரு பங்கை இழந்து 12 டாலருக்குக் கீழே சென்றது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டுக்குள் வெள்ளி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. தங்கத்தின் ஏற்றம் சுமார் 40 விழுக்காடுதான். ஏற்றத்தில் தங்கம் முதலில் நகர்வதும், வெள்ளி தாமதமாகக் கிளம்பி அதை முந்திச் செல்வதும், இறக்கத்தில் வெள்ளியே ஆழமாக விழுவதும் பலமுறை நடந்திருக்கின்றன.

1980 சரிவு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. நெல்சன் பங்க்கர் ஹண்ட், வில்லியம் ஹெர்பர்ட் ஹண்ட் என்ற அமெரிக்கச் சகோதரர்கள், பின்னொரு நாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேரச் சந்தையில் கடன் பலத்தோடு வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1979 தொடக்கத்தில் 6 டாலர் அளவில் இருந்த விலை ஓராண்டுக்குள் எட்டு மடங்கானது. 1980 ஜனவரியில் நியூயார்க் காமெக்ஸ் சந்தை, புதிதாக வாங்குவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. விலை சரியத் தொடங்கியதும் சகோதரர்களால் மார்ஜின் தொகையை, அதாவது சந்தை கேட்கும் பிணைத்தொகையைக், கட்ட முடியவில்லை. மார்ச் 27 அன்று வெள்ளி 11 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. 2011லும் வெள்ளி உச்சத்தில் இருந்த வேளையில் சந்தை நிர்வாகம் மார்ஜினை அடுத்தடுத்து உயர்த்தியது. மே முதல் வாரத்தில் மட்டும் விலை கால் பங்குக்கு மேல் சரிந்தது. சிறிய சந்தையில் விதிமுறை மாற்றம் ஒன்றே விலையைக் கவிழ்க்கப் போதுமானது என்பதைக் கடன் வாங்கி வெள்ளியில் இறங்க நினைப்பவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

விழுக்காட்டுக் கணக்கும் வெள்ளிக்காரருக்கு எதிராகவே நிற்கிறது. 30 விழுக்காடு விழுந்த பொருள் பழைய நிலைக்கு வர சுமார் 43 விழுக்காடு ஏறினால் போதும். 70 விழுக்காடு விழுந்தது பழைய நிலைக்கு வர 233 விழுக்காடு ஏற வேண்டும்.

இனி, வாங்கும் முறைகள். கையில் இருக்கும் தொகை முழுவதையும் ஒரே நாளில் போடுவது ஒன்று. சம தவணைகளாகப் பிரித்து மாதாமாதம் வாங்குவது மற்றொன்று. விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது மூன்றாவது. விலை 100, 50, 100 என்று மூன்று மாதங்களில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 100 வீதம் போடுபவருக்கு முதல் மாதம் 1, இரண்டாம் மாதம் 2, மூன்றாம் மாதம் 1 என நான்கு பங்குகள் கிடைக்கின்றன. சராசரி அடக்கவிலை 75. முதல் நாளிலேயே 300 போட்டவரிடம் மூன்று பங்குகளே இருக்கும். மாறாக விலை 100, 120, 140 என்று சீராக ஏறினால், தவணைக்காரருக்குக் கிடைப்பது சுமார் 2.55 பங்குகள், மொத்தமாகப் போட்டவருக்கு 3. ஆக, தவணை முறை பலன் தருவது ஆட்டம் மிகுந்த பொருளில்தான். நெடுங்காலப் போக்கில் மெல்ல ஏறும் பொருளில் அதற்கென ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதை உலோகங்களோடு பொருத்திப் பார்த்தால் என் தேர்வு தெளிவாகவே இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் வைத்திருக்கப் போகிறவர் தங்கத்தைச் சில மாதங்களில் வாங்கி முடித்துவிடலாம். அன்றாட விலையைப் பார்த்துத் தவிக்கத் தேவையில்லை. வெள்ளியை ஓரிரு ஆண்டுகளுக்குப் பரப்பி, தவணையில் மட்டுமே வாங்க வேண்டும். இறக்கத்துக்குக் காத்திருக்கும் முறையை இரண்டுக்குமே நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024இல் தங்கம் 2,500 டாலரைத் தாண்டியபோது, 2,000க்கு வரட்டும் என்று ஒதுங்கி நின்றவர், 2025 அக்டோபரில் அது 4,000 டாலரைத் தாண்டியதையே பார்க்க நேர்ந்தது. விலை உண்மையிலேயே விழும் நாளிலும், இன்னும் விழும் என்ற எண்ணமே கையைக் கட்டிப்போடும்.

நேரம் கணிக்கப் பலர் நம்பும் கருவி தங்க-வெள்ளி விகிதம், அதாவது ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலைக்கு எத்தனை அவுன்ஸ் வெள்ளி கிடைக்கும் என்ற கணக்கு. 1980 உச்சத்தில் அது 20க்கும் கீழே இருந்தது. 2011 ஏப்ரலில் 30ஐ ஒட்டி இருந்தது. 2020 மார்ச்சில் 120ஐத் தாண்டியது. விகிதம் மிக உயர்ந்திருக்கும்போது வெள்ளி மலிவு என்று கொள்வதில் பொருள் உண்டு. எனினும், அது எப்போது திரும்பும் என்பதை இந்த எண் சொல்வதில்லை. 80 என்பதே அதிகம் என்று நம்பி 2018இல் தங்கத்தை விற்று வெள்ளிக்கு மாறியவர், 120 வரை அது ஏறியதைச் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, விழுக்காட்டளவில் வெள்ளிக் காசுகளிலும் சிறு கட்டிகளிலும் தங்கத்தைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். விகிதம் 80 என்று வைத்தால், அதே மதிப்புள்ள வெள்ளி தங்கத்தைப் போல 80 மடங்கு எடையும், அடர்த்தி குறைவு என்பதால் கிட்டத்தட்ட 147 மடங்கு இடமும் கொண்டிருக்கும். பெருந்தொகைக்கு வெள்ளி வாங்குபவருக்கு, பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதியான இ.டி.எஃப் போன்ற காகித வடிவமே வசதி. முன்பேர வணிகம் இரண்டிலுமே சேமிப்பவருக்கு உகந்ததல்ல.

வெள்ளியில் வாங்கும் நேரத்தைவிட விற்கும் நேரமே முக்கியம். அதைக் கணிப்புக்கு விடாமல் பங்கு விகிதத்தால் தீர்த்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. 100இல் 80 தங்கத்திலும் 20 வெள்ளியிலும் இருக்கட்டும். தங்கம் 20 விழுக்காடு ஏறி, வெள்ளி இரட்டிப்பானால் கையிருப்பு 96, 40 என்று மொத்தம் 136 ஆகிறது. வெள்ளியின் பங்கு 29 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. 12.8 அளவு வெள்ளியை விற்றுத் தங்கத்துக்கு மாற்றினால் மீண்டும் 80க்கு 20 என்ற நிலை வந்துவிடும். வெள்ளி உச்சத்தை நெருங்கும்போது விற்கும் வேலை தானாக நடந்துவிடும். வெள்ளி விழும்போது தங்கத்தில் சிறிது விற்று வெள்ளியைச் சேர்க்க நேரும். அதற்கு மனம் அவ்வளவு எளிதில் ஒப்பாது. வரியும் விலை இடைவெளியும் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, வெள்ளியின் பங்கு 15க்குக் கீழோ 25க்கு மேலோ போயிருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.